பரிசிலும் தேர்ச்சியும்: திண்ணைப்பள்ளி முதல் தேர்ச்சிவழி மானியம் வரை

1. முன்னுரை

பள்ளிச் சிறார்க்குப் போட்டிகள் நடத்திப் பரிசளிப்பதும், அச்சிறாரைப் பயிற்றிய ஆசிரியர்க்கு விருது வழங்குவதும் இன்று கல்வித்துறையின் ஆண்டு வழக்கங்களாய் அமைந்துள்ளன. மாணாக்கன் பெற்ற வெற்றி ஆசிரியர்க்கும் உரியது என்னும் கருத்து இவற்றின் அடியில் உள்ளது. இக்கருத்து எவ்வளவு பழமையுடையது? மாணாக்கர் தேர்ச்சியை அளவாகக் கொண்டு ஆசிரியர்க்குப் பொருள் கொடுத்த காலத்தில் கல்வி என்னவாயிற்று? தமிழ்நாடு உள்ளிட்ட சென்னை மாகாணத்தில் ஏறத்தாழ 40 ஆண்டுகள் இம்முறை சட்டதிட்டங்களோடு நடைபெற்றுப் பின்னர்க் கைவிடப்பட்டது. அதன் வரலாற்றை, அதற்கு முன்னிருந்த திண்ணைப்பள்ளி வழக்கத்தோடு ஒப்புநோக்கி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

'பரிசு' எனும் சொல்லினும் 'பரிசில்' எனும் சொல்லே பழந்தமிழ் நூல்களிற் பெருவழக்கிற்று. புறத்திணைத் துறைகளுள் பரிசில் பற்றியன பல. பரிசிலை வேண்டி நிற்றலும், நீட்டித்தபோது கடாவுதலும், பெற்று விடைகொள்ளுதலும் தனித்தனித் துறைகளாக வகுக்கப்பட்டுள்ளன. ஆயின் அப்பரிசில் புலமை முற்றிய பாவாணர்க்கும் பாணர் கூத்தர்க்கும் உரியதேயன்றிக் கற்கும் சிறார்க்கு உரியதன்று. எனினும் ஈண்டுக் கருதத்தக்க ஓர் உண்மை ஆண்டு உளது. பெருஞ்சித்திரனார் என்னும் புலவர் அதியமான் நெடுமான் அஞ்சியிடம் சென்றபோது, அவன் அவரைக் காணாமலே பொருளை மட்டும் கொடுத்துவிடுத்தான். தம்மைக் காணாது தந்த பொருளைப் பெற்றுச்செல்லத் தாம் வணிகரல்லர் என்றும், தகுதியின் அளவறிந்து போற்றித் தரின் அது தினையளவினதாயினும் இனியதென்றும் அவர் கூறி மறுத்தார். இது புறநானூற்று 208-ஆம் பாட்டாற் பெறப்படும் செய்தி. பரிசிலின் பெருமை பொருளளவில் இல்லை. கொடுப்போன் பெறுவோனைக் கண்டறிந்து கொடுப்பதில் உள்ளது என்பது இதன் கருத்து. பின்வரும் ஆராய்ச்சிக்கு யாம் இதனையே உரைகல்லாகக் கொள்வோம்.

2. நன்னூலாரின் கூறுபாடு

13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், கற்பித்தல் கற்றல் ஆகிய இரண்டனையும் முறைப்படுத்திக் கூறுவது. மாணாக்கரைத் தலை, இடை, கடை எனத் தரம் பிரித்து, தலையாயினார்க்கு அன்னத்தையும் ஆவினையும், இடையாயினார்க்கு மண்ணையும் கிளியையும், கடையாயினார்க்கு இல்லிக்குடம் முதலாயினவற்றையும் உவமை கூறுகின்றார் ஆசிரியர். தரம் உண்டு; ஆயினும் தரத்திற்கேற்ற பரிசு யாண்டும் கூறப்படவில்லை. கற்பித்ததையே திருப்பிச் சொல்லும் கிளி இடைநிலைக்கே உவமையாயிற்று என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

இதனினும் சிறந்ததோர் கூற்று அப்பாயிரத்தில் உண்டு. ஆசிரியன் உரைத்ததை நன்கு கேட்டுக் கொண்டாலும் மாணாக்கனுக்கு வாய்க்கும் புலமை காற்கூறே. உடன்பயில்வாரோடு பயிலுதலால் மற்றொரு காற்கூறும், பிறர்க்குச் செவ்விதின் எடுத்துரைத்தலால் எஞ்சிய அரைக்கூறும் நிரம்பும் என்பது அதன் கருத்து. மாணாக்கன் எய்தும் புலமையில் ஆசிரியர் பங்கு நாலில் ஒன்று மட்டுமே என்று ஓர் இலக்கண ஆசிரியரே வரையறுத்திருப்பது வியத்தற்குரியது. மாணாக்கன் தேர்ச்சி முழுவதும் ஆசிரியன் உழைப்பின் விளைவு என்று கொண்டு பொருளளந்த பிற்காலத்துத் திட்டங்களை இவ்வரையறையோடு ஒப்பிடின் அவற்றின் குறை தானே விளங்கும்.

அதுகொண்டு, பண்டை ஆசிரியர் பொருளை வெறுத்தனர் என்று கொள்ளுதல் பொருந்தாது. பாடங்கேட்டற்கு உரியாரை எண்ணுமிடத்து, மிக்க பொருள் கொடுப்போனையும் நன்னூலார் ஒருவனாகச் சேர்த்துள்ளார். பொருள் கொள்ளுதல் இழுக்கன்று. எதனை அளந்து பொருள் கொள்வது என்பதே வினா.

3. திண்ணைப்பள்ளியில் பரிசும் தண்டமும்

திண்ணைப்பள்ளிகளின் நிலையை அறிதற்கு நமக்குக் கிடைக்கும் தலையாய சான்று, சென்னை ஆளுநராயிருந்த சர் தாமஸ் மன்றோ 1822-இல் தொடங்கிய கணக்கெடுப்பாகும். அதன் முடிவுகளை அவர் 1826 மார்ச்சுத் திங்களில் எழுதிய குறிப்பில் தொகுத்துரைத்தார். 1,28,50,941 மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் அவற்றில் 1,88,650 மாணாக்கரும் இருந்தமை அதனால் தெரியவருகின்றது. இக்கணக்கெடுப்பின் ஆவணங்களைத் தரம்பால் 1983-இல் நூல்வடிவில் வெளியிட்டபின், பழைய பள்ளிகளின் தகுதி பற்றிய விவாதம் மிகுந்தது. அவ்விவாதம் ஈண்டு வேண்டுவதன்று. பரிசு பற்றிய செய்திகளை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

பல்லாரி மாவட்டத் தண்டல்நாயகர் ஏ. டி. காம்பெல் 1823 ஆகஸ்டுத் திங்களில் அனுப்பிய அறிக்கை இவ்வகையில் மிக்க பயனுடையது. தம் மாவட்டத்து 533 பள்ளிகளையும் 6,641 மாணாக்கரையும் பற்றி எழுதுங்கால், காலையில் முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் கலைமகளின் பெயர் எழுதப்படும் என்றும், இரண்டாவது வருவோன் கையில் சுழி இடப்படும் என்றும், மூன்றாமவனுக்கு மெல்லிய ஓரடியும் நான்காமவனுக்கு ஈரடியும் எனப் பின்வருவார்க்கெல்லாம் ஒவ்வோரடி கூடும் என்றும் அவர் குறித்துள்ளார். பல்லாரி தெலுங்கும் கன்னடமும் வழங்கும் பகுதியாயினும், அக்காலத்தில் சென்னை மாகாணத்தைச் சார்ந்தது. முதல்வனுக்குப் புகழ், இரண்டாமவனுக்குப் புகழுமில்லை இகழுமில்லை, ஏனையோர்க்குத் தண்டம் என்னும் இவ்வொழுங்கில் இரண்டு இயல்புகள் நோக்கத்தக்கன.

முதலாவது, பரிசு அறிவுக்கன்று, முயற்சிக்கே உரியதாயிருந்தது. விரைந்து எழுந்து வருதல் எப்பிள்ளைக்கும் இயலும். இன்று பின்தங்கியவன் நாளை முந்தலாம். இரண்டாவது, பரிசு பொருளன்று. கையில் எழுதிய ஒரு பெயரே. அப்பெருமை அன்று மாலைக்குள் அழிந்து மறுநாள் புதிதாய்த் தொடங்கும். எனினும் இவ்வழக்கைப் போற்றிப் பேசுவார், இதன் மறுபுறத்தையும் நோக்குதல் வேண்டும். ஒருவன் பெற்ற பெருமைக்குப் பலர் பட்ட அடி விலையாயிற்று. தொலைவிலிருந்து வரும் பிள்ளையும் வீட்டுவேலை முடித்து வரும் பிள்ளையும் நாடோறும் தண்டிக்கப்பட்டனர். பள்ளிக்கே வர இசைவில்லாத வகுப்பினர் பலர் என்பதையும், பெண்பிள்ளைகள் அரியராகவே இருந்தனர் என்பதையும் மறத்தலாகாது.

இனி ஆசிரியர் பெற்றதை நோக்குவோம். மன்றோவின் குறிப்பின்படி, பெரும்பாலான ஆசிரியரின் வருவாய் திங்கள் ஒன்றுக்கு ஆறேழு ரூபாய்க்கு மேற்படவில்லை. பெற்றோர் அளித்த சிறு பணமும், நெல் முதலிய விளைபொருள்களும், பண்டிகைக் கொடைகளும் அதனுள் அடங்கும். அவற்றுள் மகாநவமிக் கொடை ஈண்டுச் சிறப்பாகக் கூறத்தக்கது. நவராத்திரி நாள்களில் ஆசிரியர் தம் மாணாக்கரை அணிசெய்து, கோலாட்டமும் பாட்டும் பயிற்றி, வீடுதோறும் அழைத்துச் செல்வார். பிள்ளைகளின் பாட்டைக் கேட்டு மகிழ்ந்த வீட்டார் ஆசிரியர்க்குப் பணமும் துணியும், பிள்ளைகட்குத் தின்பண்டமும் அளிப்பர். தெலுங்கு நாட்டிலும் தசராக் காலத்தில் இவ்வழக்கம் இருந்தது. மாணாக்கர் திறத்தை ஊரறியக் காட்டி அதன்வழி ஆசிரியர் பரிசில் பெறும் விழா இது என்பது வெளிப்படை. இதன்கண் கொடுப்போர் யார்? தம் பிள்ளையை நாடோறும் கண்டு, ஆசிரியரையும் அறிந்த ஊரார். அளவுகோல் எழுதப்படவில்லை, ஆயினும் காணாது கொடுத்த கொடையன்று அது.

4. எழும்பூரிலிருந்து இலண்டனுக்கு

திண்ணைப்பள்ளியில் மூத்த மாணாக்கன் இளையோர்க்குக் கற்பிக்கும் சட்டாம்பிள்ளை முறை மேனாட்டுக்குச் சென்ற வரலாறு பலரும் அறிந்தது. ஆதலின் சுருங்கக் கூறுவோம். 1789-இல் சென்னை எழும்பூரில் படைவீரரின் ஆண்பிள்ளைகட்கென அமைந்த ஆதரவில்லத்தின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், நாட்டுப் பள்ளியொன்றில் சிறுவர் மணலில் எழுதிப் பயிலுதலைக் கண்டார். அதனைத் தம் பள்ளியிற் புகுத்த உதவியாசிரியர் இசையாமையால், ஜான் பிரிஸ்கின் என்னும் எட்டு வயதுச் சிறுவனைக் கொண்டே எழுத்து வகுப்பை நடத்துவித்தார். அதன் விளைவை 1797-இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். நன்னூலார் கூறிய 'அரைக்கூறு', பிறர்க்கு உரைத்தலால் நிரம்பும் புலமை, இங்ஙனம் கடல் கடந்தது எனலாம்.

இலண்டனில் 1798-இல் பள்ளி தொடங்கிய ஜோசப் லங்காஸ்டர் என்பாரும் இத்தகையதோர் முறையைக் கையாண்டார். அவர் அதனோடு விரிவானதொரு பரிசுத் திட்டத்தையும் இணைத்தார். வரிசையில் முன்னேறும் பிள்ளைக்குச் சீட்டு, மார்பில் அணியும் அடையாளம், பொம்மை, பந்து, பதக்கம் எனப் பரிசுகள் வகைபட்டன. உள்ளங்கையில் எழுதிய பெயர் ஒருநாளில் அழிந்தது. பதக்கமோ அழியாதது, எண்ணத்தக்கது, சேர்க்கத்தக்கது. பள்ளிப் பரிசு பொருளாகி எண்ணிக்கைக்கு உட்பட்டமை இக்காலத்திலேயே தெளிவாகப் புலப்படுகின்றது. எனினும் அதுகாறும் பரிசு மாணாக்கர்க்கே உரியதாயிருந்தது. ஆசிரியரையும் அக்கணக்கினுள் கொணர்ந்தது அடுத்த தலைமுறையின் செயல்.

5. 1862-ஆம் ஆண்டின் திருத்திய விதிகள்

இங்கிலாந்தில் தொடக்கக் கல்விக்கு அரசு அளித்துவந்த மானியம் பெருகியதனால், அதன் பயனை ஆராய நியூகாசில் பிரபு தலைமையில் ஒரு குழு அமைந்தது. 1861-இல் அதன் அறிக்கை வெளியாயிற்று. அடுத்த ஆண்டில் இராபர்ட் லோ என்பார் திருத்திய விதிகளை நடைமுறைக்குக் கொணர்ந்தார். கல்வி மலிவாயிராவிடின் திறமுடையதாயிருக்கும், திறமுடையதாயிராவிடின் மலிவாயிருக்கும் என்ற கருத்துப்பட அவர் மன்றத்தில் வாதிட்டார்.

அவ்விதிகளின் கணக்கு வருமாறு: மாணாக்கரின் சராசரி வருகைக்குத் தலைக்கு 4 ஷில்லிங், 200 முறைக்கு மேல் வருகை தந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் மேலும் 8 ஷில்லிங். ஆயின் அப்பிள்ளை படித்தல், எழுதுதல், கணக்கு ஆகிய மூன்றிலும் ஆய்வாளர் முன் தேர்தல் வேண்டும். ஒவ்வொன்றிலும் தவறுமிடத்து 2 ஷில்லிங் 8 பென்சு குறைக்கப்படும். ஆறு படித்தரங்கள் வகுக்கப்பட்டன. மானியம் பள்ளி மேலாளர் கைக்கே சென்றதாயினும், ஆசிரியர் ஊதியம் அதனைச் சார்ந்தே நின்றது. இங்ஙனம் ஒரு சிறுவன் ஒருநாட் காலையில் ஒரு கணக்கைப் பிழையாகப் போடுவது, அவன் ஆசிரியர் உணவில் கைவைப்பதாக முடிந்தது.

கவிஞரும் திறனாய்வாளருமாகிய மாத்யூ ஆர்னால்டு 1851 முதல் 1886 வரை பள்ளி ஆய்வாளராகப் பணிபுரிந்தவர். 1862-இலேயே இவ்விதிகளை எதிர்த்துக் கட்டுரை வரைந்த அவர், பின்னர்த் தம் அறிக்கைகளிலும் அக்கருத்தை வலியுறுத்தினார். தேர்வுக்கென்றே பயிற்றுவதால், உண்மையிற் படிக்கவும் எண்ணவும் அறியாத பிள்ளைகளையும் தேறச்செய்தல் இயலும் என்பதும், கற்பித்தல் உயிரற்ற பொறிவினையாகின்றது என்பதும் அவர் கூற்றின் சாரம். மானியம் பெறாத வரலாறும் நிலநூலும் இலக்கணமும் பள்ளிகளில் நலிந்தன. 1867-இல் அவற்றிற்கும் சிறுமானியம் சேர்க்க நேர்ந்தமையே அந்நலிவுக்குச் சான்றாகும். 1890-களில் இங்கிலாந்து இம்முறையைப் படிப்படியாகக் கைவிட்டது.

6. சென்னை மாகாணத்தில் தேர்ச்சிவழி மானியம்

மன்றோ 1826-இல் வகுத்த திட்டம் வேறுவகையினது. தண்டல் பள்ளி ஆசிரியர்க்குத் திங்கள் 15 ரூபாயும், தாசில் பள்ளி ஆசிரியர்க்கு 9 ரூபாயும் அரசு நிலையான ஊதியமாக அளித்தல் வேண்டும் என்பது அது. வறுமையே தகுதியுடையார் இத்தொழிலுக்கு வாராமைக்குக் காரணம் என அவர் கண்டார். அத்திட்டம் 1836-இல் முடிவுற்றது. 1854-ஆம் ஆண்டின் உட் அறிக்கைக்குப் பின் மானிய முறை தோன்றியது. 1860-களின் பிற்பாதியில், இங்கிலாந்தின் திருத்திய விதிகளைப் பின்பற்றித் தேர்ச்சிவழி மானியம் சென்னை மாகாணத் தொடக்கப் பள்ளிகளிற் புகுந்தது. 1871-ஆம் ஆண்டின் உள்ளாட்சி நிதிச் சட்டத்திற்குப் பின் இதற்கான பணத்தை உள்ளாட்சி அமைப்புகளும் அளித்தன.

ஆய்வாளர் ஆண்டுக்கொருமுறை பள்ளிக்கு வருவார். பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் படித்தரந்தோறும் தேர்வு செய்வார். தேறிய தலைகளின் எண்ணிக்கைப்படி பணம் வரும். 'கிராண்டு' என்று ஊரார் வழங்கிய அப்பணமே திண்ணைப்பள்ளி ஆசிரியரை அரசின் கல்வித்திட்டத்தோடு பிணித்த கயிறாயிற்று. மகாநவமியில் வீடுதோறும் சென்று பிள்ளைகளின் திறங்காட்டிப் பரிசில் பெற்றவர், இப்போது ஒருநாளில் ஒருவர்முன் அதனைக் காட்டிப் பெறுவாராயினர். கொடுப்பவர் மாறினார், அளவுகோலும் மாறியது. முன்னவர் பிள்ளையை அறிந்தவர். பின்னவர் பிள்ளையின் விடையை மட்டும் அறிந்தவர்.

இம்மாற்றத்தால் பாடங்கள் எய்திய நிலை தமிழாராய்ச்சியாளர் கருதற்குரியது. எண்சுவடி, நிகண்டு, அந்தாதி, சதகம் முதலியன திண்ணைப்பள்ளியின் பாடங்கள். முந்திரி எனும் 1/320, காணி எனும் 1/80, மாகாணி எனும் 1/16 ஆகிய கீழ்வாய் எண்களை வாய்பாடாகப் பயின்ற சிறுவன், நெல்லளவும் நிலவளவும் பொன்னிறையும் மனத்தாலேயே கணக்கிட வல்லனாயிருந்தான். இப்பயிற்சியில் மனப்பாடம் பொருளறியா ஒப்பித்தலன்று, கணக்கிடுதலின் கருவியே என்பதைச் செந்தில் பாபு தம் ஆராய்ச்சியால் விளக்கியுள்ளார். மானியத்துக்குரிய படித்தரங்களோ அச்சுப் புத்தகப் படிப்பையும், சொல்வது எழுதுதலையும், தாளிற் போடும் கணக்கையுமே அளந்தன. அளக்கப்படாத பாடத்திற்குப் பொழுது செலவிடும் ஆசிரியர் தம் வருவாயை இழப்பார். எண்சுவடியை எவரும் தடைசெய்யவில்லை. அதற்குப் பொருளில்லை என்றாக்கியதே போதியதாயிற்று. எண்சுவடி மறைவுக்கு அளவைமாற்றமும் நாணயமாற்றமும் காரணங்களாம். எனினும் இதுவும் அவற்றுள் ஒன்று என யாம் கருதுகின்றோம்.

ஆயின் இம்முறையின் நன்மையைக் கூறாது விடுதல் நடுநிலையாகாது. பெண்பிள்ளைகளின் தேர்ச்சிக்கும், தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகளின் தேர்ச்சிக்கும் மானிய வீதம் உயர்த்தி வைக்கப்பட்டது. ஊரார் கொடையை மட்டும் நம்பிய ஆசிரியர், ஊரார் விரும்பாத பிள்ளையைத் திண்ணையில் ஏற்றத் துணிதல் அரிது. கண்டறிந்து கொடுத்த ஊரின் கண், சிலரைக் காண மறுத்த கண்ணுமாகும். தலைகளை மட்டும் எண்ணிய அரசின் கணக்கு, எவர் தலை என்று கேளாமையால், சில இடங்களில் கதவைச் சிறிது திறந்தது. பழைய முறையில் அறம் இருந்தது, புதிய முறையில் பொறியே இருந்தது என்று எளிதிற் பிரித்தற்கு இயலாமை இதனால் விளங்கும்.

7. கைவிடப்பட்டமையும் பின்னிகழ்வும்

1882-இல் அமைந்த ஹண்டர் குழு, தேர்ச்சிவழி மானியத்தைக் கல்லூரிகளுக்குப் பொருத்தலாகாது என்றது. தொடக்கப் பள்ளிகளுக்கோ அது பெரும்பாலும் தொடரலாம் என்றும், பின்தங்கிய பகுதிகளுக்கு விலக்களிக்கலாம் என்றும் கூறிற்று. வறியார்க்கு இம்முறை பொருந்தாது என்னும் உணர்வு அவ்விலக்கிலேயே உள்ளது. முன்னரே தேர்ந்த பிள்ளைகளையுடைய பள்ளி மேலும் பெறும். பசித்தும் பிணியுற்றும் வாராதொழியும் பிள்ளைகளையுடைய பள்ளி இருப்பதையும் இழக்கும். 1904 மார்ச்சுத் திங்களில் கர்சன் பிரபுவின் அரசு வெளியிட்ட கல்விக்கொள்கைத் தீர்மானத்தை ஒட்டி, 20-ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் இம்முறை இந்தியாவில் வழக்கொழிந்தது.

விடுதலைக்குப் பின் ஊதியமும் பரிசும் வேறுவேறாயின. நல்லாசிரியர்க்கு 1958 முதல் நடுவணரசு தேசிய விருது அளித்துவருகின்றது. 1962 முதல் செப்டம்பர் 5-ஆம் நாள் ஆசிரியர் நாளாகக் கொண்டாடப்படுகின்றது. தமிழ்நாட்டரசின் நல்லாசிரியர் விருது டாக்டர் இராதாகிருஷ்ணன் பெயரால் வழங்குகின்றது. 1963-இல் அறிவியல் திறனறி தேர்வு தோன்றி மாணாக்கர்க்கு உதவித்தொகை தந்தது. 2018-இல் தேசிய விருது விதிகள் திருத்தப்பட்டு, ஆசிரியர் தாமே விண்ணப்பித்துத் தம் பணியை எடுத்துரைக்க இடம் தரப்பட்டது. 1330 குறளையும் முற்றோதும் மாணாக்கர்க்குத் தமிழ் வளர்ச்சித்துறை பரிசளிக்கின்றது. அம்முற்றோதல் கிளியின் செயலாவதும், எண்சுவடிபோல் வாழ்வில் உதவும் கருவியாவதும், பரிசு பெற்றபின் அப்பிள்ளை அக்குறளைப் பிறர்க்கு எடுத்துரைக்கும் வாய்ப்பினைப் பெறுகின்றானா என்பதைப் பொறுத்தது. நன்னூலார் அரைக்கூறு வைத்தது அவ்விடத்தே.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவன மூன்று. முதலாவது, மாணாக்கர் திறத்தைக் காட்டி ஆசிரியர் பரிசில் பெறுதல் மேனாட்டார் புகுத்திய புதுமையன்று, திண்ணைப்பள்ளியிலேயே இருந்தது. புதியது அதனைத் தலைக்கணக்காக்கி ஊதியத்தோடு பிணித்ததே. இரண்டாவது, எதற்குப் பரிசு உண்டோ அதுவே பாடமாகும். பரிசில்லாதது தடையின்றியே மறையும். மூன்றாவது, பிணிப்பின் தீமை பரிசில் இல்லை. பரிசினை உணவாக்கியதில் உள்ளது. உண்ணற்கு வேண்டும் ஊதியம் உறுதியாய் நின்றபின் தரப்படும் விருது பெருமையாகும். அவ்வூதியத்தின் இடத்தில் தரப்படுவது வாணிகமாகும்.

தேர்ச்சி விழுக்காட்டைக் கொண்டே பள்ளியையும் ஆசிரியரையும் மதிப்பிடும் போக்கு இக்காலத்தில் மீண்டும் வலுப்பெறுகின்றது. முன்னொருமுறை நம் மாகாணமே நாற்பதாண்டு செய்து பார்த்துக் கைவிட்ட ஒன்றினை, அவ்வரலாற்றை அறியாது மீளச் செய்தல் அறிவுடைமை ஆகாது. அக்காலப் பள்ளி ஆய்வு அறிக்கைகள் மாவட்ட வாரியாக இன்னும் விரிவாக ஆராயப்படல் வேண்டும். அவற்றுள் தேறிய பிள்ளைகளின் எண்ணிக்கை உளது. தேறாமையால் தம் ஆசிரியர்க்கு இழப்பு விளைத்த பிள்ளைகள் பின்னர்ப் பள்ளியில் எங்ஙனம் நடத்தப்பட்டனர் என்பதை ஆராய்வார், இத்துறைக்கு உண்மையான தொண்டு செய்தவராவர்.